கம்பிக்கு வைக்கும் லேசர் பல் நரம்பைச் சாகடிக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 14 வயது மகளுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்கள், வலிக்கு லேசர் காட்டுகிறார்கள், நரம்பு செத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். வலிக்கு வைக்கும் அந்தக் குறைந்த சக்தி லேசரை முறையாக வைத்தால் நரம்பு சாகாது. லேசர் விற்கப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம், அதன் குறையையும் சொல்கிறேன்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் மெல்லிய தசைதான் பற்கூழ், நரம்பு சாவது என்றால் அது சாவதுதான். பற்கூழுக்கு ரத்தம் போகும் முக்கிய வழி வேர் நுனியில் உள்ள ஊசிமுனைத் துளைதான். கம்பி இழுக்கும்போது அங்கே குழாய்கள் நசுங்கி ஓட்டம் குறையும். பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகிவிடும். பல்லை எலும்புக்குள் அழுத்தி இறக்கும்போது நசுக்கல் அதிகம். ஆக, கூழைத் தொந்தரவு செய்வது கம்பி, ஒளி அல்ல.

டாக்டரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஒளியின் அலைநீளம், சக்தி (மில்லிவாட்), வைக்கும் நேரம் (விநாடி). 780 முதல் 980 நானோமீட்டர் ஒளி ஈறைத் தாண்டி உள்ளே போகும். 100 மில்லிவாட்டை 20 விநாடி வைத்தால் பல்லுக்குப் போகும் ஆற்றல் 2 ஜூல். வேரின் கழுத்து, நடு, நுனி என்று வெளிப்பக்கம் மூன்று புள்ளி, உள்பக்கம் மூன்று புள்ளி வைத்தால் ஒரு பல்லுக்கு 12 ஜூல். முனை ஈறில் ஒட்டி நேராக நிற்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் ஒளி தெறித்து வீணாகும். அளவு மிஞ்சினால் பலன் தலைகீழாகும். நம் பிள்ளைகளின் கறுத்த ஈறு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும், சுட்டால் உடனே கையைத் தூக்கச் சொல்லி வையுங்கள். இந்த ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் பிள்ளைக்கும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. 1965-இல் ஸாக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரங்குப் பற்களில் பார்த்தது: கூழின் சூடு 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியபோது 15 சதவீதப் பற்கள் மீளவில்லை. பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டும் நீல விளக்கை ஒரே இடத்தில் நெடுநேரம் வைப்பது, பீங்கான் பிராக்கெட்டை அதிக சக்தி லேசரால் கழற்றுவது, இவற்றில்தான் கவனம் வேண்டும்.

குறையும் இதுதான்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத்தொகுப்பின்படி லேசர் கம்பி வலியைக் கொஞ்ச நாளுக்குக் குறைக்கலாம், ஆனால் ஆதாரம் பலமில்லை. வலி முதல் நாளில் உச்சம், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் தனிக் காசு கேட்டால், வயதுக்கேற்ற அளவில் பனடோல் போதும்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் மலிவு என்று ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் கள்ளக் கம்பி போட்டுக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே இல்லை, எவ்வளவு இழுக்கிறோம் என்ற கணக்கும் இல்லை. நரம்பு சாவது அங்கேதான். சுவரில் பல் டாக்டரின் இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

மகள் எப்போதாவது விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அந்தப் பல்லுக்கு ஆபத்து அதிகம். ஐஸ் கச்சாங் சாப்பிட்ட கூச்சம் அரை நிமிடம் தாண்டியும் நின்றால், இரவில் விண்விண் என்று தெறித்தால், பல் சாம்பல் நிறமானால், ஈறில் கொப்புளம் வந்தால், அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.