ஒரே ஆளுக்கு சாலட்: காய் வாடாமல் இருக்க

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் கேள்விகள் இவை. பெயர் வேண்டாம், ஊர்ப்பக்கம் மட்டும் போதும்.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயம்பேட்டில் ஒரு கிலோ வெள்ளரிக்காய் வாங்கினேன். வாரக் கடைசிக்குள் ஃப்ரிட்ஜிலேயே கொழகொழவென்று ஆகிவிட்டது. ஏன்?

பதில்: ஒரு ஆளுக்கு எதற்குத் தம்பி ஒரு கிலோ? விலை குறைவுதான், பாதி குப்பைக்குப் போனால் என்ன லாபம்? தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு காய் எடுங்கள், போதும்.

வெள்ளரிக்குக் கடுங்குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் சின்னச் சின்னப் பள்ளம் விழும், சதை நீர் விடும். ஃப்ரிட்ஜுக்குள் 4, 5 டிகிரிதானே இருக்கும்! அதற்காக நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சுருங்கிப்போகும். ஈரம் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, குளிர் குறைவான கதவுப் பக்கம் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பக்கத்தில் ஆப்பிளோ பழுத்த தக்காளியோ வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் வெள்ளரி மஞ்சளாகிவிடும்.

கேள்வி (மடிப்பாக்கம்): தக்காளி வெளியேயா, உள்ளேயா?

பதில்: செங்காய் வெளியே, பழுத்தது உள்ளே. சாப்பிட அரை மணி முன்னால் எடுத்து வைத்தால் ருசி கொஞ்சம் திரும்பும்.

கேள்வி (பெரம்பூர்): கொத்தமல்லிக் கட்டு இரண்டே நாளில் கறுக்கிறது.

பதில்: கட்டோடு வைத்திருப்பீர்கள். ரப்பர் பேண்டு இறுக்கிய இடத்தில்தான் முதலில் அழுகும், பிரித்துப் பாருங்கள். வந்ததும் கட்டை அவிழ்த்து, கறுத்த இலையைப் பொறுக்கிவிட்டு, செய்தித்தாளில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஈரம் போகும்வரை விடுங்கள். டப்பாவில் அடியிலும் மேலேயும் டிஷ்யூ போட்டு மூடுங்கள். கழுவுவது சமைக்கும்போது மட்டும்.

கேள்வி (தரமணி): காலையில் நறுக்கி ஆபீஸுக்கு எடுத்துப்போகிறேன். மதியம் டப்பாவில் தண்ணீர் மிதக்கிறது.

பதில்: உப்பைக் காலையிலேயே போட்டிருப்பீர்கள். உப்பு காயின் நீரை வெளியே இழுத்துவிடும். உப்பு, எலுமிச்சை இரண்டையும் தனி டப்பியில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலக்குங்கள். ஊறவைத்து வடித்த பாசிப்பருப்பு கொஞ்சம் சேர்த்தால் கோசுமல்லி ஆச்சு, வயிறும் நிறையும். ஆபீஸ் போனதும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இந்தச் சூட்டில் நறுக்கிய காயை மதியம்வரை வெளியே விடக்கூடாது.

கேள்வி (அண்ணா நகர்): வதங்கிய கேரட்டைத் தூக்கிப் போடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் மொறுமொறுப்பு திரும்பும். வழவழவென்று இருந்தால் மட்டும் குப்பைக்கு.

கேள்வி (மயிலாப்பூர்): முழு முட்டைக்கோஸ் ஒருத்திக்கு எப்படித் தீரும்?

பதில்: கத்தி வைக்காதீர்கள். வெட்டிய முகம்தான் கறுக்கும். மேலிருந்து அன்றைக்கு வேண்டிய இரண்டு இலையை மட்டும் உரித்து, மீதியைக் கவரில் சுற்றி வையுங்கள், வாரக்கணக்கில் நிற்கும். லெட்யூஸ் வாடுகிறது என்று கேட்ட மூன்று பேருக்கும் இதையே சொல்கிறேன்: கோஸுக்கு மாறுங்கள்.