'சின்ன அட்டாக்' என்றால் இனி பயமில்லையா?

அப்பாவுக்கு வந்தது என்ஸ்டெமி (பெரும்பாலும் ரத்தக்குழாய் முழுதாக அடைபடாத மாரடைப்பு வகை), 'சின்ன அட்டாக்தான்' என்றார்கள், இனி பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நம்பி அசந்துவிடாதீர்கள். ஸ்டெமி என்ற இன்னொரு வகை மாரடைப்பில் பெரும்பாலும் இதய ரத்தக்குழாய் முழுதாக அடைத்துவிடும். முதல் சில நாள்கள்தான் பெரிய கண்டம். என்ஸ்டெமியில் ஆரம்ப ஆபத்து குறைவு. ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் அது ஸ்டெமிக்குச் சளைத்ததல்ல. காரணம், இது வருபவர்களுக்குப் பெரும்பாலும் வயது கூடுதல். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, பல குழாய்களில் அடைப்பு என ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

அட்டாக்கின் பெயரை விடுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் எக்கோ (இதய ஸ்கேன்) ரிசல்ட்டைத் தேடி இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு) எத்தனை சதவீதம், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். இ.எஃப். 40-க்குக் கீழே என்றால், அடுத்த எக்கோ எப்போது என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். அப்புறம், வலிதான் இல்லையே என்று அவராக மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருந்தால், மாத்திரையை நிறுத்தியதும் அதிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம்.