பழைய ஸ்விஃப்ட் டீசலை நானே பழுது பார்க்க நினைக்கிறேன், அதற்கான விவரங்கள் எங்கே கிடைக்கும்?

கார் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட எஞ்சினைப் பிடித்துத் தேடுங்கள், நிறைய கிடைக்கும். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்றது, ஃபியட் புன்டோவிலும் லினியாவிலும், ஐரோப்பாவில் ஓப்பல் கோர்சாவிலும்கூட அதே குடும்பத்து எஞ்சின்தான் ஓடியது. அதனால் புன்டோக்காரர்கள் டைமிங் செயின், இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது) பற்றி எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் உங்களுக்கும் உதவும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் மட்டும் கவனம், 75 குதிரைத்திறன் எஞ்சினுக்கும் 90-க்கும் டர்போவே வேறு. பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாம் சுசூகியுடையது, அதற்கு ஸ்விஃப்ட் விவரம்தான் வேண்டும்.

வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் கிரேடு, ஃபியூஸ் விவரம் இருக்கும், பிரித்துப் பூட்டும் முறை இருக்காது. அது வொர்க்‌ஷாப் மேனுவலில்தான் இருக்கும், அதைக் கம்பெனிகள் சுலபமாக வெளியே விடுவதில்லை. உதிரிபாகத்தையும் பழுது விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் சந்தையில் நியாயமான போட்டியைக் கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. காசு கொடுத்து வாங்கிய வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் உரிமை, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அப்புறம் ஸ்கேனர். உங்கள் வண்டியில் ஓபிடி-2, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி, உள்ளதா என்று பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ஆனால் ஸ்கேனரில் கோளாறைக் குறிக்கும் கோடு (code) வந்ததும் பாகத்தை மாற்ற ஓடாதீர்கள். பி0401 வந்தால் இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், வால்வு போய்விட்டது என்றில்லை, கரி அடைத்திருந்தாலும் அதே கோடுதான் வரும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

பாகம் வாங்கும்போது மாடல் ஆண்டை மட்டும் சொல்லாமல், பழைய பாகத்தில் உள்ள எண்ணையும் சேசிஸ் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே ஆண்டிலேயே பாகம் மாறியிருக்கலாம்.

ஒன்றே ஒன்று, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர்களுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுபவை) டீசல் கொண்டுபோகும் ரெயில் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேல்கூடப் போகும், பீறிட்டு வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும். இன்ஜெக்டர் வேலையைத் தெரிந்த டீசல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.