அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, எல்லா அதிகாரமும் கையில இருக்கிற தலைவருங்க எதுக்குப் போருக்குக் கெளம்புதாங்க? மனநிலை சரியில்லாதவங்களா? தன் வீட்டுப் பிள்ளைய அனுப்பணும்னா செய்வாங்களா?
- ஒரு டீச்சர், கயத்தாறு

பதில்: பைத்தியம்னு சொல்லி முடிச்சிட்டா நமக்கு ஈஸி டீச்சர், ஆனா நல்லா யோசிக்கத் தெரிஞ்ச ஆளுங்களும்தான் போரை ஆரம்பிக்காங்க. பேராசை உண்டுதான், இல்லேங்கல. அதை விட உள்ள கெடந்து அரிக்கிறது பயம், எதிரிய நெனச்சு இல்ல, சொந்த ஜனங்க முன்னாடி தோத்தவன்னு பேர் வாங்கிருவோமோங்கிற பயம்.

அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1964 மே மாசம் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டிகிட்ட போன்ல பேசுனது டேப்பாவே இருக்கு. வியட்நாம் சண்டை போடுற அளவுக்கு வொர்த் இல்லன்னு சொல்லுதாரு, அதே மூச்சுல வெளிய வரவும் முடியாதுங்காரு, ராத்திரி தூக்கமே வரலன்னு பொலம்புதாரு. அவருக்குத் துணிமணி எடுத்து வைக்கிற சார்ஜெண்ட்டுக்கு ஆறு பிள்ளைங்களாம், இந்த மனுசனை நான் எதுக்கு அங்க அனுப்பணும்னு அவரே கேக்காரு! இவ்வளவு தெரிஞ்சும் அடுத்த மார்ச்லயே தரைப்படைய இறக்கிட்டாரு. 58,000 அமெரிக்கருக்கு மேல செத்தாங்க, வியட்நாம்காரங்க லட்சக்கணக்குல. படிக்கும்போது வயிறு எரியுது.

அர்ஜெண்டினால ராணுவ ஆட்சி நடத்துன கால்டியேரி கதையும் இந்த வகைதான். 1982 மார்ச் 30 ராணுவ ஆட்சிக்கு எதிரா தெருவுல போராட்டம், ஏப்ரல் 2 பிரிட்டன் கையில இருந்த பால்க்லாந்து தீவுல அர்ஜெண்டினா படை எறங்குது. திட்டம் முன்னமே இருந்துச்சு, ஆனா ஜனங்க கொடி புடிச்சுக் கை தட்டவும் அந்தாளுக்குப் பின்வாங்க வழியே இல்லாமப் போச்சு. 74 நாள்ல தோல்வி, 649 அர்ஜெண்டினாக்காரங்க உயிர் போச்சு, பதவியும் போச்சு.

இன்னொரு புத்தியும் உண்டு, எதிராளிய அவமானப்படுத்திட்டா மத்தவனும் அடங்கிருவான்னு நெனைக்கிறது. உங்க ஊர்லயே 1799 அக்டோபர் 16 வெள்ளக்காரன் கம்பெனிப் படை மேஜர் பானர்மேன் மத்த பாளையக்காரங்களைக் கூட்டி நிறுத்தி, அவங்க கண்ணு முன்னாடிதான கட்டபொம்மனைத் தூக்குல போட்டான். யாராவது அடங்குனாங்களா? 1801ல ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து தப்பிச்சுப் போயி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைய திரும்பக் கட்டிட்டாரு.

பிள்ளைங்க விஷயம் கேட்டிய. ஜான்சனோட ரெண்டு மருமகனுமே வியட்நாம்ல இருந்தாங்க டீச்சர். அப்பவும் நிறுத்தல. அடுத்து வந்த நிக்சனும் நாட்டோட முதல் தோல்விய ஏத்துக்க மாட்டேன்னு 1970ல டிவியிலயே பேசுனாரு, படை வெளியேற 1973 ஆச்சு.