வடிதாளுக்கும் தப்பும் பழுப்பு

கேள்வி: காட்டு ஓடைத் தண்ணீரை வடிகட்டினாலும் பழுப்பு நிறம் போகவில்லையே, ஏன்?

பதில்: அது மண் இல்லை, இலையும் மரமும் மட்கிக் கரைந்த கரிமப் பொருள். 0.45 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு) துளையுள்ள வடிதாளில் எத்தனையோ முறை ஊற்றியிருக்கிறேன், குடுவைக்குள் டிகாஷன் நிறம்தான் இறங்கும். இந்தக் கரிமப் பொருளின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். மீதியில் பெரும்பங்கு ஆக்ஸிஜன், அப்புறம் ஹைட்ரஜன், கொஞ்சம் நைட்ரஜன், கந்தகம். இதிலுள்ள சர்க்கரைகளை நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்றுவிடும். நிறம் தருவது பெரும்பாலும் மட்கும்போது உண்டாகும் ஹியூமிக், ஃபல்விக் என்ற அமிலங்கள். ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து பிஹெச் 1-க்கு இறக்கினால் ஹியூமிக் பழுப்புத் துகளாய் அடியில் படியும், ஃபல்விக் மஞ்சளாய்க் கரைந்தே நிற்கும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது. குடிநீருக்கு என்றால், முதலில் இந்தக் கரிமப் பொருளைக் குறைத்துவிட்டுக் குளோரின் சேர்ப்பதே நல்லது. இரண்டும் வினைபுரிந்தால் குளோரோஃபார்ம் போன்ற கெடுதலான பொருள்கள் உருவாகும்.