641 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். முதன்மை எண்கள் படிப்பிக்கும்போது ஒரு மாணவி 4294967297 என்று பலகையில் எழுதி, "இது முதன்மையா ரீச்சர்?" என்று கேட்டாள். 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தோம். மீதி வந்துகொண்டே இருந்தது. போனில் தேடினால் 641 × 6700417 என்று உடனே வந்துவிட்டது. பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டார்கள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. போன் இல்லாத காலத்தில் 641ஐ எப்படிப் பிடித்திருப்பார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

கொப்பிகளை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். போன் தந்தது விடை மட்டும்தான். ருசியான பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை. அடுத்தது 32ஆம் வலு, அதாவது உங்கள் மாணவி எழுதிய எண். இந்த வரிசை முழுதும் முதன்மை என்றே கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் 641ஐக் காட்டி அந்த நம்பிக்கையை உடைத்தார்.

ஒரு முதன்மை எண் அதை மீதியின்றி வகுக்கிறது என்று வைப்போம். அந்த எண்ணால் வகுக்கும்போது 2இன் 32ஆம் வலுவின் மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது. வர்க்கித்தால் 64ஆம் வலுவில் மீதி 1. அதற்கு முன் எந்த வலுவிலும் 1 வராது. 2 தவிர்ந்த ஒரு முதன்மை எண்ணில் 1ஐக் கழித்து, 2ஐ அந்த வலுவுக்கு உயர்த்தினால், அந்த முதன்மை எண்ணால் வகுக்கும்போது மீதி 1 என்பது பெர்மாவின் சிறிய தேற்றம். அதையும் சேர்த்தால், அந்த முதன்மை எண்ணில் 1ஐக் கழித்தது 64இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். இதை ஆய்லரே பின்னர் நிறுவினார். ஆகவே 3, 7, 11 பக்கம் போகவே வேண்டாம். 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போனால் பத்தாவதாக 641 வந்துவிடுகிறது! அந்தப் பத்தில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 257ஐ வகுத்துப் பார்க்கவும் தேவையில்லை: 2இன் 8ஆம் வலு அதற்கு −1, ஆகவே 16ஆம் வலுவும் 32ஆம் வலுவும் 1. நம் எண்ணுக்கு மீதி 2. மற்ற மூன்றையும் பிள்ளைகள் கையால் வகுத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் 641. இதற்கு நெடும் வகுத்தலே வேண்டாம். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 641 என்பது 5 × 128 + 1; அதுவே 625 + 16 உம். முதலாவதிலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ இன் மீதி −1. நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴ இன் இடத்தில் −2⁴ ஐப் போடலாம். போட்டால் −2³² இன் மீதி 1. அவ்வளவுதான், 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணைத் தொடாமலே வேலை முடிந்தது.

6700417உம் முதன்மைதான். அதை உறுதிசெய்ய, 64 கூட்டிவரும் அதே வரிசையில் 2588 வரை பார்த்தால் போதும்; அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம்தான். கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு 2இன் 64ஆம் வலுவோடு 1 கூட்டிய எண்ணைக் கொடுங்கள். 1880இல் லாண்ட்ரி என்ற கணித அறிஞர் அதற்குக் கண்டுபிடித்த காரணி 274177. அதில் 1ஐக் கழித்து 128ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஏன் 64 இல்லாமல் 128 என்பதை அவளே சொல்லட்டும்.