'கனடா அனுபவம்' எந்தக் கடையில் கிடைக்கும்?

கேள்வி: கோவையில் 9 வருடம் சிவில் இன்ஜினியராக இருந்தேன். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி டொரன்டோ வந்து எட்டு மாதம். 200 இடத்துக்காவது ரெஸ்யூமே போட்டிருப்பேன், கூப்பிட்டது இரண்டே பேர், இரண்டு பேரும் 'கனடா அனுபவம் இருக்கா?' என்றார்கள். இப்போது வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட். பேசாமல் ஊருக்கே திரும்பிவிடவா?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான் இது. டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஓரியோபுலஸ் ஆயிரக்கணக்கில் கற்பனை ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்தார். படிப்பு, அனுபவம் எல்லாம் கனடாவிலேயே என்று எழுதியும், ஆங்கிலப் பெயருக்கு நம்மைப் போன்ற பெயர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. அதனால் 200-க்கு 2 என்பதை உங்கள் தகுதிக்கான மார்க்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2026 ஜனவரி முதல், டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கக் கூடாது. மனசுக்குள் கேட்டுக்கொள்வதைச் சட்டம் என்ன செய்யும், அது வேறு.

இன்ஜினியர் லைசென்ஸுக்கு ஒரு வருடக் கனடா அனுபவம் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், அது பழைய கதை. ஒன்டாரியோ பொறியாளர் அமைப்பான பி.இ.ஓ. அந்த நிபந்தனையை 2023 மே மாதமே எடுத்துவிட்டது. லைசென்ஸ் வரும்வரை, லைசென்ஸ் உள்ள இன்ஜினியரின் கீழ் வேலை பார்க்கலாம். எஸ்டிமேட்டர், சைட் இன்ஸ்பெக்டர், கேட் (CAD) டிராஃப்டிங், அதாவது கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என்று ஒரு படி இறங்கி, ஆனால் உங்கள் துறைக்குள்ளேயே தேடுங்கள். துறையை விட்டு வெளியே போய் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் 'இடையில் என்ன செய்தீர்கள்?' என்று புதிதாக ஒரு கேள்வி முளைக்கும்.

ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணமானவரா என்பதெல்லாம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் கான்கிரீட் விதிமுறையைச் சொல்லி 'ஐ.எஸ். 456 படி டிசைன்' என்று எழுதினால் இங்கே யாருக்குப் புரியும்? கான்கிரீட்டுக்கு இங்கே விதிமுறை சி.எஸ்.ஏ. ஏ23.3. அதைப் படித்துவிட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் நாலு வரி பேசிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஊருக்குத் திரும்புவதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஷிப்டை வார இறுதிக்கு மாற்றித் தருவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, காலை பத்து மணி இன்டர்வியூவில் கொட்டாவியை அடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.